வெறுங்கூடை

படத்திலிருந்த பெண்ணின் கூடை நேற்றுவரை நிறைந்திருந்தது. பூரணிக்கு அது நன்றாக நினைவிருந்தது. விளிம்புக்கு மேலே கொழுந்து குவிந்து நிற்க, கூடையை முதுகில் சுமந்து தேயிலை மலையில் ஏறிக்கொண்டிருப்பாள் அவள், முகம் தெரியாது. சீமைக்குத் திரும்பிப்போன துரை தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு விட்டுப்போன எண்ணெய்ச் சாயப் படம் அது. மழைக்காலம் வந்தால் அந்தச் சாய நெடி அறை முழுவதும் கசிந்துகொண்டே இருக்கும்.

இன்று விளிம்புக்கு மேலே ஒன்றுமே இல்லை. ஈரத்தில் சாயம் உதிர்ந்திருக்கும் என்று பூரணி தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். தரையில் ஒரு துகள்கூடக் கிடக்கவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்துக் கதை சொல்லவேண்டும். அது பூரணி வைத்த வழக்கம். அவர்கள் எதைச் சொன்னாலும் இல்லையென்று மறுக்கமாட்டாள், "அப்புறம்?" என்று மட்டும் கேட்பாள். வாயே திறக்காத பிள்ளைகளும் அந்த ஒரு வார்த்தைக்குப் பேசத் தொடங்கியதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

மத்தியானமே இருட்டிவிட்டது. தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருக்க, ஜன்னல் வழியாக நுழைந்த மூடுபனி பெஞ்சுகளுக்கு அடியில் படுத்துக்கொண்டது.

"கூடை காலியா இருக்கு டீச்சர்," என்றான் அழகுமுத்து.

அப்படியானால் அவர்களுக்கும் தெரிகிறது. ஆனாலும் பழக்கம் விடவில்லை.

"அப்புறம்?"

"வெறுங்கூடையோட போனா கணக்கப்பிள்ளை அரைப்பேரு போட்டுருவாரு," என்றாள் வீரம்மா. கொழுந்து குறைந்ததென்று போன வாரம்தான் அவள் அம்மாவுக்கு அரைநாள் பேர் விழுந்து பாதிக் கூலிதான் கிடைத்திருந்தது. "எதையாச்சும் போட்டு நெரப்பணும்."

"எதப் போட்டு நெரப்புவா?"

பூரணி அதைக் கேட்டிருக்கக்கூடாது. பிள்ளைகள் யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் படத்தில் இருந்தது.

"அவ கீழ எறங்குறா டீச்சர்."

பூரணி திரும்பிப் பார்த்தாள். மலையில் ஏறிக்கொண்டிருந்தவள் பாதையின் அடியில் நின்றாள். அப்போதும் முகம் தெரியவில்லை.

"அப்புறம்?" இந்தமுறை கேட்டது அவளல்ல. பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

"புள்ளக்காம்பராவுக்குப் போறா."

கொழுந்தெடுக்கும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அறை அது. காலையில் பூரணியும் தன் மீனம்மாவை அங்கேதான் விட்டு வந்திருந்தாள். ஏங்கி ஏங்கிப் பெற்ற ஒரே பிள்ளை.

"அப்புறம்?"

"தொட்டில்ல கைய விடுறா."

"நிறுத்துங்க!" பூரணி கத்தினாள். "அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல! இல்ல!"

அவள் வாயிலிருந்து 'இல்ல' என்ற வார்த்தையை அவர்கள் கேட்டதே இல்லை. மிரண்டு போனார்கள். வீரம்மா மட்டும் மெல்லச் சொன்னாள். "நெரப்பிட்டா டீச்சர்."

படத்தில் மலை இருந்தது. பாதை இருந்தது. பெண் இல்லை.

பூரணி ஓடினாள். மழை. சேறு. ஒரு செருப்பு எங்கேயோ போனது. எதிரே பனி மட்டும்தான்.

பிள்ளைக்காம்பராவின் கதவு திறந்து கிடந்தது. ஆயா காளியாயி ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மீனம்மா?"

"இப்பதான் கண்ண மூடுச்சு டீச்சரம்மா."

சேலைத் தொட்டில் பாரமாகத் தொங்கியது. பிள்ளையின் பாரம்தான். பூரணிக்கு உயிர் திரும்பி வந்தது. சேலையை விலக்கினாள்.

கொழுந்து.

தொட்டில் நிறையப் பச்சைக் கொழுந்து. அதன்மேல் மீனம்மாவின் சிவப்புக் கம்பளித் தொப்பி. இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் தேடினாள். அடிவரைக்கும் கொழுந்துதான். விரல்களில் பச்சை வழவழவென்று ஒட்டியது. துடைத்தாள். போகவில்லை. முகத்தருகே கொண்டுபோனாள்.

எண்ணெய்ச் சாய நெடி.

"மெதுவா, டீச்சரம்மா," என்றாள் காளியாயி, தொட்டிலுக்குள் பார்த்துச் சிரித்தபடியே. "முழிச்சிக்கிடப் போவுது." சேலையை மூடித் தொட்டிலை மறுபடியும் ஆட்டத் தொடங்கினாள்.