சிவப்பு மந்திரகோடி

பென் டிரைவைக் கோத்திருந்த நூல் ஈரமாக இருந்தது.

குளிக்கப் போகும்போது ரெஜி அதைக் கழுத்திலிருந்து கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவான். இன்று ஜன்னல் கொக்கியில் மாட்டிவிட்டுப் போயிருந்தான். வெளியே மழை கொட்டியது. ஆனால் ஜன்னல் சாத்தியிருந்தது, சாரல் வர வழியில்லை. ஷைனி நூலை முகர்ந்து பார்த்தாள். புதிதாய் வெட்டிய மண்ணின் வாடை.

அவன் மடிக்கணினியில் ஒரு பூட்டிய ஃபோல்டர் இருந்தது. இந்த பென் டிரைவைச் செருகினால்தான் திறக்கும். பிடுங்கினால் திரை அணைந்து பூட்டிக்கொள்ளும். “ஆபீஸ் கணக்குடி, கண்டவங்க பாக்கக்கூடாது” என்பான். ஆபீஸ் கணக்கோடு எவன் கதவைத் தாழிட்டுக்கொண்டு குசுகுசுவென்று பேசுவான்? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஷைனிக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. நாத்தனார் ரோஸம்மா வேறு, “உன் கழுத்துல அவன் மின்னு கட்டினான், அவன் கழுத்துல எவ கட்டினாளோ!” என்று சிரித்துத் தொலைத்தாள்.

நூல் அடர்சிவப்பு, நடுவே சரிகை. சர்ச்சில் மின்னுத்தாலியைக் கோப்பது மந்திரகோடியிலிருந்து உருவிய நூலில்தான். அந்தக் கல்யாணப் புடவை ஷைனிக்குச் சந்தன நிறம். சிவப்பு, ரெஜியின் முதல் மனைவி ட்ரீசாவுடையது. ஆனால் அதைச் சவப்பெட்டிக்குள் ட்ரீசாவுக்குத் தானே போர்த்தியதாக ரோஸம்மா சொல்லியிருந்தாளே.

பயம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமைதான். செத்த பிறகும் அவளுக்கு இவன் கழுத்தில் இடமா?

குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஷைனி ரெஜியின் நாற்காலியில் உட்கார்ந்து பென் டிரைவைச் செருகினாள். ஃபோல்டர் திறந்தது. உள்ளே எல்லாம் குரல் பதிவுகள். கடைசிப் பதிவு இன்று காலையில் செய்தது.

முதலில் மழைச் சத்தம். பிறகு, “நனையறியாடி?” ரெஜியின் குரல். அவளிடம் ஒருநாளும் காட்டாத குழைவு.

“கல்லறைகிட்டப் போய்க் கொஞ்சிட்டு வந்திருக்கான்” என்று ஷைனி பல்லைக் கடித்தாள்.

தொண்டையில் எதுவோ அடைத்த மாதிரி ஒரு பெண்குரல், கட்டின புருஷனை அழைக்கும் உரிமையோடு பதில் சொன்னது.

“அவ நம்ம நாற்காலியிலயா உக்காருறா, இச்சாயா?”

“உக்காந்தா என்ன? நீதான உள்ள இருக்க.”

“என்னைப் பூட்டியில்ல வச்சிருக்கீங்க. கைக்கு எட்டற மாதிரி சாவிய மாட்டிட்டுப் போங்க, அவ திறப்பா. வயித்தெரிச்சல்காரி கை சும்மா இருக்குமா? எனக்குத் தெரியாதா அந்த எரிச்சல்?”

ஷைனி பென் டிரைவைப் பிடுங்கினாள்.

திரை அணைந்தது. பதிவின் மழை அறுந்தது.

குரல் மட்டும் நிற்கவில்லை.

“அந்த மின்னு என்னோடது, மோளே.”

நாற்காலிக்குப் பின்னால்.

மண் வாடை. பிடரியில் ஈர விரல்கள். மின்னு தொங்கிய சங்கிலியின் கொக்கியைத் தேடின. பொறுமையாக. தேடிக் கழற்றின.

குளியலறைக் குழாய் நின்றது.

“ட்ரீசா?” உள்ளிருந்து ரெஜி கூப்பிட்டான், அதே குழைவோடு. “வந்துட்டியா?”

ஷைனியால் திரும்ப முடியவில்லை. அணைந்த கறுப்புத் திரையில் அவள் முகம் தெரிந்தது. கழுத்து வெறுமையாக. அதற்கு மேலே, மண் உதிரும் சிவப்பு மந்திரகோடியின் முக்காட்டுக்குக் கீழே, இன்னொரு கழுத்தில் மின்னு ஆடிக்கொண்டிருந்தது.