யாரும் பார்க்காதது

வேலிக் கம்பியின் நுனியில் யாரோ செருகிவிட்டுப் போன ஒற்றைச் சிவப்புக் கையுறையைத்தான் ஹெல்லே படம் எடுத்தாள். வீட்டுக்கு வந்து கேமராவின் சின்னத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது, பின்னாலிருந்த வீட்டு ஜன்னலில், உள்பக்கமிருந்து அழுந்திய ஒரு சின்ன உள்ளங்கை தெரிந்தது. அந்த வீட்டில் ஆள் இல்லை. கோடையிலிருந்தே வாசலில் விற்பனைப் பலகை தொங்குகிறது.

ஏதோ நிழல் என்று விட்டுவிட்டாள்.

டென்மார்க்கின் ஆர்ஹூஸில் நவம்பர் வந்தால் பிற்பகலிலேயே வெளிச்சம் சாய்ந்துவிடும். ஊரே தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு விரையும் அந்த நேரத்தில்தான் அவள் கேமராவைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவாள். மழைக்குப் பிளாஸ்டிக் பை மாட்டிய சைக்கிள் இருக்கை, கடை வாசலில் காத்திருக்கும் நாய், பேருந்து நிறுத்தத்தில் யாரோ கடித்து வைத்துவிட்டுப் போன பாதி ஆப்பிள். எல்லாம் மகள் சில்யா கண்டுபிடித்த விளையாட்டு. 'யாரும் பாக்காதது' என்று பெயரும் அவளே வைத்தாள். அவள் விரல் நீட்டுவாள், அம்மா படம் எடுக்க வேண்டும். போன பிப்ரவரியில், ஏழு வயதில், ரத்தப் புற்று அவளைக் கொண்டுபோய்விட்டது. விளையாட்டை நிறுத்த ஹெல்லேவுக்கு மனம் வரவில்லை.

"என்ன போட்டோக்காரம்மா, இன்னிக்கு எந்தக் குப்பைத்தொட்டிக்கு யோகம்?" ரொட்டிக்கடை கார்ஸ்டன் வாசலிலிருந்தே குரல் கொடுத்தான்.

"உன் கடைத் தொட்டிக்குத்தான்."

"இரு இரு, துடைச்சு விடறேன். கல்யாணப் படம் மாதிரி வரணும்."

சிரித்துக்கொண்டே எடுத்தாள். திரையில் தொட்டிக்குப் பின்னால், கடைக் கண்ணாடியில், ரொட்டிகளுக்கு நடுவே அதே கை. இந்த முறை சுண்டுவிரல் தெளிவாக இருந்தது. வெளிப்பக்கமாக வளைந்த சுண்டுவிரல். ஊஞ்சலிலிருந்து விழுந்து ஒடிந்து, கோணலாகக் கூடிய சில்யாவின் விரல்.

பயம் வரவேண்டிய இடத்தில் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. தெருவென்றும் பாராமல் திரையில் முத்தம் கொடுத்தாள். அன்றிலிருந்து கால் ஓயாமல் நடந்தாள். பூக்கடை, சலவைக்கடை, நிறுத்திவைத்த கார், எதை எடுத்தாலும் அதிலிருந்த ஏதோ ஒரு கண்ணாடிக்குப் பின்னால் சில்யா இருந்தாள். முதலில் கை. பிறகு தலைமுடி. பிறகு நெற்றி. தெருவில் வெறும் கண்ணால் பார்த்தால் எதுவும் இல்லை, ஈரக் கல்லும் நனைந்த இலை நாற்றமும் தூரத்துத் துறைமுகத்தின் இரும்புச் சத்தமும்தான்.

அப்புறம் முகம் வந்தது.

சில்யா சிரிக்கவில்லை. வாய் அகலமாகத் திறந்திருந்தது. உதடு நீலம். கூப்பிடுகிற வாய் இல்லை அது. காற்றுக்குத் தவிக்கிற வாய்.

ஹெல்லே நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். போனில் யூத்தேயைக் கூப்பிட்டாள். கடைசி வாரங்களில் வீட்டுக்கு வந்து சில்யாவைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் அவள்.

"யூத்தே, அன்னிக்கு நீ ஜன்னலைத் திறக்கச் சொன்ன இல்ல..."

"நான் போனதும் திறக்கறேன்னு சொன்னியேம்மா."

"அவளுக்குக் குளுரும்னு..."

"ஹெல்லே. இன்னுமா திறக்கல?"

உயிர் போனதும் ஜன்னலைத் திறந்துவிடுவது அந்த ஊர் வழக்கம். தேவாலயப் பக்கமே போகாதவர்கள்கூடச் செய்வார்கள். போகிறவர்களுக்கு வழி வேண்டும். ஆனால் சில்யா கடைசிவரை சொன்னது ஒன்றுதான்: 'அம்மா, குளுருது.' வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குளிருக்குள் குழந்தையைத் தனியாக எப்படி அனுப்புவாள்? யூத்தே போனதும் ஹெல்லே ஜன்னலிடம் போகவில்லை. கேமராவை எடுத்தாள். கட்டிலருகே குனிந்து, முகத்துக்கு வெகு அருகில் வைத்து, ஒரே ஒரு படம் எடுத்தாள். எனக்கென்று இதுவாவது இருக்கட்டும் என்று. அந்தப் படத்தை அவள் திரும்பப் பார்த்ததே இல்லை.

ஓடினாள். சில்யாவின் அறையில் மருந்து வாடையும் கம்பளி வாடையும் அப்படியே தேங்கியிருந்தன. ஜன்னல் இடுக்குகளில் குளிருக்காக ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் கிழித்தாள். நகம் பெயர்ந்தது. கொண்டியைத் திருகித் தள்ளினாள்.

குளிர் உள்ளே பாய்ந்தது. திரைச்சீலை படபடத்தது.

"போடா கண்ணு," என்றாள். "அம்மா பிடிச்சு வச்சுட்டேன். போ. போயிடு."

நெஞ்சு வெடிக்க அழுதாள். பிறகு கீழே இறங்கி எதிர்ச்சாரியில் நின்றாள். சில்யா போய்விட்டாள் என்று தெரிய வேண்டும். ஒரே ஒரு படம். வெறும் ஜன்னல். அது போதும்.

எடுத்தாள்.

திரையில் ஜன்னல் திறந்தே இருந்தது. அதில் சில்யா இல்லை.

சில்யா அதற்கு முன்னால் இருந்தாள். ஜன்னலுக்கு முன்னால், தெருவுக்கு முன்னால், எல்லாவற்றுக்கும் முன்னால். படம் முழுக்க அவள் முகம். கன்னம் நசுங்கியிருந்தது. மூக்கு தட்டையாகியிருந்தது. இரண்டு உள்ளங்கைகளும் கண்ணாடியில் அழுந்தியிருந்தன.

அங்கே ஏது கண்ணாடி?

ஹெல்லே மெதுவாக, அன்று கட்டிலருகே பிடித்த அதே கேமராவைத் தன் பக்கம் திருப்பினாள்.

லென்ஸின் உள்பக்கத்தில் ஆவி படிந்திருந்தது. அதன் நடுவில் அரிசி மணி அளவில் ஒரு கை. சுண்டுவிரல் கோணல்.

கோட்டு நுனியால் துடைத்தாள். போகவில்லை. ரத்தம் கசியும் நகத்தால் விளிம்பைச் சுரண்டினாள். திறக்கக் கொண்டி இல்லை. இடுக்கு இல்லை.

"சில்யா. அம்மா இங்கதான் இருக்கேன்."

ஆவி மறைந்தது. மறுபடி படிந்தது. மறைந்தது.

அடுத்த முறை படிய வெகுநேரம் ஆயிற்று.