சிறுபடத்தில் மட்டும் தெரிந்தவள்

அன்று மாலை மலாக்காவை ஒட்டிய ஆயர் குரோ வீட்டில் இருந்தவர்கள் கனகரட்ணம், அவருடைய மகன் நகுலன், மருமகள் வதனா. வேறு எவரும் இல்லை. கனகரட்ணத்தின் மனைவி கிருஷ்ணவேணி காலமாகி இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. கூடத்துச் சுவரோரம் அவருடைய படத்துக்கு மாலை போட்டிருந்தது. பக்கத்தில், பல வருடங்களாக அங்கேயே இருக்கும் இன்னொரு மாலையிட்ட படம், மகள் கஜலட்சுமியுடையது.

முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கக் கல்வெட்டு அச்சாக வேண்டும். இறந்தவரின் வரலாறும் வம்சமும் புலம்பல் பாட்டும் அடங்கிய சிறு புத்தகம் அது. சிரம்பானிலும் கோலாலம்பூரிலும் உறவினர் வீட்டு அலமாரிகளில் அது ஒரு தலைமுறைக்குக் கிடக்கும். பெண் கொடுக்க வருகிறவர்கள் அதை எடுத்துப் புரட்டுவார்கள். ஆகவே அதில் ஒரு வரி பிழையாகக் கூடாது, ஒரு முகம் கூடுதலாக இருக்கக் கூடாது. மலாக்கா நகரத்து அச்சகம் குடும்பப் படத்துக்காகக் காத்திருந்தது.

கனகரட்ணம் கணினியின் முன் உட்கார்ந்து படங்கள் இருந்த கோப்புறையைத் திறந்தார். முகங்களைக் காணோம். திறக்காமலே உள்ளிருப்பதைக் காட்டும் சிறுபடங்கள் எல்லாம் மறைந்து, ஒவ்வொரு கோப்பின் மேலும் ஒரே அடையாளம் இருந்தது: நீலத் தாளில் ஒரு மலை. வரிசை வரிசையாக மலைகள். நடுவில் ஒரே ஒரு கோப்பு மட்டும் தன் படத்தைக் காட்டியது.

நகுலனின் கல்யாணப் படம். மணவறையின் வலப்பக்கம் கனகரட்ணமும் கிருஷ்ணவேணியும் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், தூணோரம், வெளிர் மஞ்சள் சுடிதாரில் ஒரு பெண்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அந்தக் கோப்பைத் திறந்தார். படம் திரை முழுக்க விரிந்தது. தூண் இருந்தது. தூணோரம் யாரும் இல்லை. மூடினார். சிறுபடத்தில் அவள் நின்றாள்.

"நகுலன், இங்க வா. கொம்பியூட்டர் பழுதாப் போச்சு."

நகுலன் தேநீர்க் கோப்பையோடு வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"வைரஸாடா?"

"வைரஸ் இல்லப்பா. ஐகான் மட்டும் காட்டுன்னு யாரோ டிக் பண்ணியிருப்பாங்க."

"யார் பண்ணுறது? இந்த மேசையில என்னைத் தவிர ஒருத்தரும் இருக்கிறேல்ல."

"அப்ப நீங்கதான்லா."

"போன மாசம் கம்ப்யூட்டர்ல சத்தத்தையே தொலைச்சவருதானே மாமா," என்று சமையலறையிலிருந்து வதனா குரல் கொடுத்தாள்.

நகுலன் கோப்புறை அமைப்புகளைத் திறந்து அந்தச் சிறு கட்டத்தைத் தேடினான். அதில் டிக் இல்லை. போட்டுப் பார்த்தான், எடுத்துப் பார்த்தான். வெளியே மழை இறங்காமல் வானம் மட்டும் கறுத்துக்கொண்டே வந்தது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை டக் என்றது. வாடிய மாலைகளின் இனித்த நாற்றம் கூடத்திலிருந்து அறைக்குள் வந்து தேங்கியது. கனகரட்ணம் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். புழுக்கம் தாங்காமல் மறுபடி திறந்தார். உட்கார மனம் வரவில்லை.

"வருதுப்பா," என்றான் நகுலன்.

மலைகள் ஒவ்வொன்றாக மறைந்து முகங்கள் வந்தன. தைப்பூசம். புதுவீட்டுப் பால் காய்ச்சல். பேரப் பிள்ளையின் முதல் பிறந்தநாள். எல்லாவற்றிலும் அவள் இருந்தாள். கதவோரம், படிக்கட்டில், கூட்டத்தின் விளிம்பில். எல்லாவற்றிலும் அதே மஞ்சள்.

நகுலன் கோப்பையைக் கீழே வைத்தான். "இது கஜா அக்காதான்லா."

கனகரட்ணம் திரையை நோக்கிக் குனிந்தார்.

கஜலட்சுமி செத்தவள் அல்ல. மெர்லிமாவ் தோட்டத்துக் கூலியாள் மாயாண்டியின் மகன் திருச்செல்வத்தோடு போனவள். போன கையோடு, ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குப் படிக்கப் போன இடத்தில் விபத்தில் இறந்துவிட்டாள், உடலை அங்கேயே தகனம் செய்தாயிற்று என்று கனகரட்ணம் ஊருக்கு அறிவித்தார். ஐயரை அழைத்து எல்லாக் கிரியையும் முறைப்படி செய்தார். மகளுக்குக் கல்வெட்டும் அடித்துக் கொடுத்தார். ஓடிப்போனவளின் தகப்பன் என்ற பெயரைவிட மகளைப் பறிகொடுத்த தகப்பன் என்ற பெயர் மேல். அது அவருடைய தீர்மானம். அதைக் குறித்து அந்த வீட்டில் மறுபேச்சு இருந்ததில்லை.

இப்போது அவருக்கு வந்தது பேய்ப் பயம் அல்ல. அவள் களவாக வந்துபோயிருக்கிறாள் என்றே நினைத்தார். கல்யாணத்தில் நின்றவளை எத்தனை உறவுக்காரர் பார்த்தார்களோ!

"உன்ர அம்மாதான் உள்ள விட்டிருக்கிறா," என்றார்.

"அப்ப ஓபன் பண்ணா ஏன்ப்பா தெரியல?"

கனகரட்ணம் கல்யாணப் படத்தை மறுபடி திறந்து மூடினார்.

வதனா ஈரக் கையைத் துடைத்தபடி வந்து திரையைப் பார்த்தாள். பிறகு கைப்பேசியை எடுத்தாள். "அவங்களையே கேட்டுட்டாப் போச்சு."

"உன்னட்ட எப்படி அவளின்ர நம்பர்?"

"மாமி குடுத்தாங்க."

வதனா ஒலிபெருக்கியைப் போட்டாள். அழைப்பு எடுக்கப்பட்டது. பின்னணியில் ஒரு மோட்டார் சைக்கிள் உறுமி ஓய்ந்தது.

"என்ன வதனா, செத்தவளுக்கெல்லாம் போன் வருது?"

"அக்கா, எங்க கல்யாணத்துக்கு நீங்க வந்தீங்களா?"

"நான் எங்க வந்தேன்? அன்னிக்குத்தான் என் சின்னவன் பொறந்தான், ஆஸ்பத்திரில கெடந்தேன்லா. ஏன்?"

"மஞ்சள் சுடிதார் ஒண்ணு..."

"அதை அந்த வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன். இப்ப குடுத்தாலும் ஒரு கை கூட உள்ள போகாது. நாப்பது தாண்டியாச்சு, பாதித் தலை நரை." அவள் சிரித்தாள். சிரிப்பு நடுவில் நின்றது. "அப்பா பக்கத்துல இருக்காரா?"

மின்விசிறி டக் என்றது.

"அப்பா. அம்மாவக் கடைசியா பாக்க விடல. சரி. அந்தியேட்டிக்காவது வரட்டா? உள்ள வரல. வாசல் கேட்டுலயே நின்னு கும்பிட்டுட்டுப் போயிடறேன்."

கனகரட்ணத்தின் கண் முன்னே கூடம் நிறைந்தது. சிரம்பான் பெரியப்பா வீட்டார், கோலாலம்பூர் டாக்டர் குடும்பம், தன் கையிலிருந்து மகளின் கல்வெட்டை வாங்கி அழுத கிழவிகள். வாசலில் நரைத்த தலையோடு அவள். ஒவ்வொருவராக அவர் பக்கம் திரும்பும் முகங்கள்.

"என்ர மகள் செத்துப் போனவள்," என்றார். "கல்வெட்டில அப்படித்தான் கிடக்கு. இந்த முறையும் அப்படித்தான் அடிப்பன்."

எட்டிக் கைப்பேசியை அணைத்தார்.

நகுலன் தகப்பனின் முகத்தைப் பார்க்காமல் கணினியின் பக்கம் திரும்பினான். "கம்ப்யூட்டர் சின்னப் படத்தையெல்லாம் தனியா சேத்து வச்சிருக்கும். பழசும் புதுசும் கலந்துபோச்சு, அவ்வளவுதான். சுத்தமா அழிச்சிட்டா புதுசா எடுத்துக்கும்." யாருக்குச் சொன்னான் என்று தெரியவில்லை. அழித்தான். முகங்கள் எல்லாம் மறுபடி மலைகளாயின. பிறகு, அடியிலிருந்து மேலே, மெதுவாகப் புதிய சிறுபடங்கள் வரத் தொடங்கின.

அவள் நெருங்கியிருந்தாள்.

தூணோரம் நின்றவள் இப்போது கனகரட்ணத்தின் தோளுக்குப் பின்னால் நின்றாள். தைப்பூசக் கூட்டத்தில் அவருக்குப் பக்கத்தில். பிறந்தநாள் கேக்குக்குக் குனிந்திருந்த அவருடைய காதருகே. முகம் தெளிவாகத் தெரிந்தது. பத்தொன்பது வயது முகம். இடது புருவத்துக்கு மேலே, நடு நெற்றியை விட்டு விலகி, ஒரு குங்குமப் பொட்டு.

எந்தப் பெண்ணும் அந்த இடத்தில் பொட்டு வைப்பதில்லை. கஜலட்சுமிக்குக் கிரியை செய்த அன்று ஐயர் அவசரத்தில், கூடத்திலிருந்த அவளுடைய படத்தின் கண்ணாடியில் வைத்த பொட்டு அது. அதற்குப் பின் வருடா வருடம் அதே இடத்தில்தான் வைத்தார்கள்.

"மாமா." வதனாவின் குரல் அடங்கியிருந்தது. "வருசா வருசம் திவசம் குடுத்தீங்களே. பேரு, நட்சத்திரம், கோத்திரம் எல்லாம் சொல்லிக் கூப்பிட்டுச் சோறு வச்சீங்களே."

"வச்சேன். அதுக்கென்ன?"

"அந்தப் பேருக்காரி உயிரோட மெர்லிமாவ்ல இருக்கா. அவ வர முடியாது." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்ப வந்து சாப்பிட்டது யாரு?"

கடைசிச் சிறுபடம் வந்தது. மருத்துவமனையில் கிருஷ்ணவேணி. கட்டிலின் விளிம்பில் அவள் உட்கார்ந்திருந்தாள். வலது கையைக் குழித்து நீட்டியிருந்தாள், கவளம் வாங்குகிறவள் போல. கிருஷ்ணவேணி கேமராவைப் பார்க்கவில்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எங்களோட டுரியான் துங்கால் வீட்டுக்கு வந்துருங்கப்பா," என்றான் நகுலன். "இன்னிக்கு மட்டும்."

"உன்ர அம்மாவுக்கு விளக்கு எரியிற வீடு. விட்டிட்டு வாறதில்ல."

கனகரட்ணம் கல்யாணப் படத்தைத் திறந்தார். திறந்தால் சுத்தமாக இருந்தது. அதை அச்சகத்துக்கு அனுப்பினார். கீழே தானே எழுதினார்: காலஞ்சென்ற கஜலட்சுமியின் தாயார். அனுப்பிவிட்டுத்தான் பேரப் பிள்ளையைப் பராமரிப்பு வீட்டிலிருந்து அழைக்கப் போக வேண்டும் என்ற மகனுக்கும் மருமகளுக்கும் வாசல் கதவைத் திறந்துவிட்டார். வதனா காரில் ஏறும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

மழை பிடித்தது.

அவர் அறைக்குத் திரும்பினார். சிறுபடங்கள் அனைத்தும் வந்திருந்தன, ஒரு மலைகூட மீதமில்லை. கல்யாணத்தைப் பார்த்தார். தூண் மட்டும். தைப்பூசம். கூட்டம் மட்டும். பிறந்தநாள். மருத்துவமனை. கட்டில் விளிம்பு வெறுமையாக இருந்தது. மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பார்த்தார். எந்தப் படத்திலும் அவள் இல்லை.

மூச்சு விட்டார். பழுது நீங்கிவிட்டது. மகன் சொன்னது சரி.

பிறகு அந்த நாற்றம். வாடிய பூ. மிக அருகில்.

மின்விசிறி நின்றிருந்தது. திரை மட்டும் எரிந்தது.

எந்தப் படத்திலும் இல்லை.

அப்படியானால்.

அவர் திரும்பவில்லை. திரும்பத் தேவையும் இருக்கவில்லை. அவருடைய வலது காதை ஒட்டி, மஞ்சள் சட்டைக் கையோடு, மெல்ல, ஒரு கை முன்னால் நீண்டது. குழித்த கை. காத்திருந்தது.

நெடுநேரம் காத்திருந்தது.

கனகரட்ணம் எழுந்து சமையலறைக்குப் போனார். சோற்றில் தயிரை ஊற்றிப் பிசையத் தொடங்கினார்.

கனகரட்ணம் வீட்டில் மகள் திரும்பி வந்துவிட்டாள், தகப்பனும் மகளும் சமாதானமாகிவிட்டார்கள் என்று அந்த வீட்டு வரிசையில் சிலர் பேசிக்கொள்கிறார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் கூடத்தில் உட்கார்ந்து, மஞ்சள் சுடிதார் போட்ட ஒரு சின்னப் பெண்ணுக்குச் சோறு உருட்டிக் கொடுப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தார்களாம். அவர் நிறுத்தினால் அவள் விடுவதில்லையாம். அது தவறான செய்தி. கஜலட்சுமி மெர்லிமாவில் கணவனோடும் பிள்ளைகளோடும் இருக்கிறாள். அந்த வீட்டு வாசலை அவள் இன்றுவரை மிதிக்கவில்லை.