முப்பத்திரண்டு மில்லிமீட்டர்

மதியச் சாப்பாட்டை முடித்து, பூட்டைத் திறந்து ஸ்கேன் அறைக்குள் அவள் நுழைந்தபோது, கட்டில் விரிப்பு ஈரமாக இருந்தது. தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பு, யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல.

"ஆயா, யாராச்சும் உள்ள வந்தாங்களா?"

"நல்லா கேட்டீங்க போங்க! சாவி உங்க இடுப்புலதானே தொங்குது?"

விரிப்பை மாற்றினாள். ஏசியின் உறுமலுக்கு அடியில், ஜெல் வாடையோடு லேசாக ரத்த வாடையும் வந்தது.

ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தி வந்து படுத்தாள். "எதுக்குக்கா இந்த ஸ்கேன்?"

"கர்ப்பப்பை வாயோட நீளம் பாக்கறதும்மா. குட்டையா இருந்தா குழந்தை முன்னாடியே பொறந்துடும். தெரிஞ்சா மருந்து வச்சுக் காப்பாத்தலாம். ஒண்ணுக்குப் போயிட்டு வந்தியா?"

"மூணு தடவை! என் வீட்டுக்காரர் எண்ணிக்கிட்டே இருக்கார்."

சிரிக்க முடியவில்லை. போன மாதம் இதே ஸ்கேனுக்கு வந்த பள்ளிக்கூட டீச்சரிடம் இந்தக் கேள்வியை அவள் கேட்கவில்லை. வெளியே நீண்ட வரிசை. சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் அழுத்தத்தில் குட்டை வாயும் நீளமாகத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தே முப்பத்திரண்டு என்று எழுதி, "பயமில்லை டீச்சர்" என்றாள். பதினோராம் நாள் உள்ளங்கை அளவில் பிறந்த குழந்தை அழவே இல்லை. அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

இப்போது திரையில் முப்பத்திரண்டு.

மறுபடி அளந்தாள். முப்பத்திரண்டு. அம்புக்குறியை நகர்த்தினாள். எண் நகரவில்லை.

அந்தப் பெண்ணை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டரைப் போனில் பிடித்தாள். "இந்த மெஷின் சரியில்ல டாக்டர். இவங்களுக்கு வேற மெஷின்ல பாருங்க. போன மாசம் டீச்சருக்கும்..."

"டீச்சருக்கு என்னம்மா?"

சொல்லிவிடலாம்.

"ஒண்ணுமில்ல டாக்டர்."

போனை வைத்தாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

கட்டிலில் யாரும் இல்லை. கருவி கொக்கியில் தொங்கியது. திரையில் மட்டும் படம் ஓடியது, நீளம் குறைந்துகொண்டே வந்தது. இருபது. பதினொன்று. நான்கு.

கர்ப்பப்பை வாய் திறந்தது.

கதவுப் பிடியைத் திருகினாள். அசையவில்லை. ஆயாவைக் கூப்பிட்டாள். குரல் வரவில்லை.

திரும்பினாள்.

உள்ளங்கை அளவு குழந்தை. மூடிய கண்கள். திரைக் கண்ணாடியின் உள்பக்கம் மூக்கை ஒட்டிக்கொண்டு.

அங்கே ஆவி படிந்தது.

கலைந்தது.

மறுபடி படிந்தது.