சூடேறாத ஆறடி

மாரீனை ஆம்புலன்ஸிலிருந்து இறக்கும்போது பனி தூறிக்கொண்டிருந்தது. பக்கவாதம் அவளுடைய வலப்பக்கத்தையும் பேச்சில் பாதியையும் கொண்டுபோயிருந்தது. மாடியேற முடியாது, இனி முன்னறைதான் அவளுக்கு. அங்கே கட்டில் போட இடமில்லாமல் அறையைச் சூடாக்கும் இரண்டு ரேடியேட்டர்கள் சுவரை அடைத்துக்கொண்டிருந்தன. அவற்றைக் கழற்றச் சொல்லி, சுவரின் அடியில் சூடாகும் பலகையைப் பதிக்க வைத்திருந்தார் கணவர் கீத். ஒரு சாண் உயரம், உள்ளே வெந்நீர்க் குழாய், அறையைச் சுற்றி ஒரே சூடு. கட்டிலை எந்தச் சுவரோரமும் போடலாம்.

நுரையீரலில் சளி இருக்கிறது, குளிர் பட்டால் தாங்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

மூன்றாம் நாளே, சுவர்ப்பக்கம் இருந்த மாரீனின் நல்ல கை விறைத்தது. கீத் மண்டியிட்டுப் பலகையைத் தடவினார். கதவுப் பக்கம் நல்ல சூடு. ஜன்னல் பக்கமும் அப்படியே. கட்டிலை ஒட்டி மட்டும், ஆறடி நீளத்துக்கு, கிணற்றுக் கல் போலச் சில்லிட்டுக் கிடந்தது.

ஓர் ஆள் நீட்டிப் படுக்கிற நீளம்.

பலகை பதித்த டெரன் வந்து ஒரு மணி நேரம் பார்த்தான்.

“தண்ணி இந்த முனையில சூடாப் போகுது, அந்த முனையில அதே சூட்டோட வருதுண்ணே. நடுவுல மட்டும் சில்லுன்னு இருந்தா நான் என்ன பண்ணட்டும்?”

“காத்து அடைச்சிருக்குமோ?”

“ரெண்டு தடவ எடுத்துட்டேன்.” குரலைத் தாழ்த்தினான். “அன்னிக்கே சொல்லியிருக்கணும். பழைய ரேடியேட்டருக்குப் பின்னாடி நாலு விரல்கூட நுழையாது. ஆனா அங்க சுவரு வழவழன்னு தேஞ்சிருந்துச்சு. யாரோ முதுகச் சாச்சு உக்காந்தே கெடந்த மாதிரி.”

இருவருமாகக் கட்டிலை எதிர்ச்சுவருக்கு நகர்த்தினார்கள். அரைமணியில் பழைய இடம் சூடேறியது.

புதிய இடம் குளிர்ந்தது.

டெரன் சாமான்களை அள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டான். மறுநாள் கீத் தனியாகவே கட்டிலை அறை நடுவில் இழுத்துப்போட்டார். சுவர் முழுக்கச் சூடேறியது. மாரீன் மூன்று போர்வைக்குள் கிடுகிடுவென நடுங்கினாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

“தள்ளிப் படுக்க... சொல்லு,” என்றாள்.

“யார?”

“பக்கத்துல.”

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். பனியில் சாலை மூடிவிட்டது, காலைக்குள் வர வழியில்லை என்றார்கள். மாலை மணி நாலுதான், அதற்குள் இருட்டிக்கொண்டு வந்தது. மாரீனின் மூச்சு விசிலடித்தது.

கீத் கட்டிலைத் திரும்பச் சுவரோரம் தள்ளினார். ஸ்வெட்டரைக் கழற்றினார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் படுத்து, வெற்று முதுகை, மறுபடி குளிர்ந்துவிட்ட பலகையில் அழுத்தினார்.

“அவள விட்ரு,” என்று கிசுகிசுத்தார். “எங்கிட்ட இருக்கறத எடுத்துக்கோ.”

பிடரியில் ஒரு மூச்சு பட்டது.

வெளியே விடும் மூச்சல்ல. உள்ளே இழுக்கும் மூச்சு.

அது நிற்கவே இல்லை.

காலையில் பனி அள்ளும் வண்டிக்குப் பின்னாலேயே நர்ஸ் ஷானன் வந்து சேர்ந்தாள். மாரீனின் கன்னம் சிவந்திருந்தது. “டீ குடிக்கணும்,” என்றாள், ஒரு சொல்கூடக் குழறாமல்.

“அடடே, ராத்திரியோட ராத்திரியா தேறிட்டியே கண்ணு,” என்று சிரித்து டீ போட்டுக் கொடுத்த ஷானன், நாற்காலியில் சுருண்டிருந்த கீத்தின் கையைத் தொட்டதும் தன் விரலை வெடுக்கென இழுத்துக்கொண்டாள். அவர் காதில் தெர்மாமீட்டர் வைத்தாள். எண் எதுவும் வரவில்லை. மறுபடி வைத்தாள்.

“பேட்டரி போச்சு போல. எனக்கே வெடவெடங்குது. சுவரோரம் உக்காந்து ரிப்போர்ட் எழுதறேன், அங்க சூடா இருக்குமில்ல?”

அவள் இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்த நொடியில் கீத்தின் பிடரியில் அந்த இழுப்பு நின்றது. விரல்நுனிகளுக்கு ரத்தம் திரும்பிச் சூடு ஏறியது. ஷானன் குனிந்து கணுக்காலைத் தேய்த்தாள்.

கீத் வாயைத் திறந்தார். ஷானனுக்கு வயது முப்பதுகூட இருக்காது.

கட்டிலில் மாரீன் டீக்கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள்.

“ஆமாம்மா,” என்றார் கீத். “இன்னும் கொஞ்சம் கிட்டப் போய் உக்காரு.”

ஷானன் நாற்காலியை நகர்த்தினாள். அவளுடைய மூச்சு வெண்புகையாக வெளிவந்தது. கலையாமல், மெல்லிய நூலாக நீண்டு, சுவரின் அடிப்பக்கமாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.