பனிக்குக் கட்டிய தார்ப்பாய்

ஒரு வருஷமாகப் பரணில் கிடந்த தார்ப்பாய் ஈரமாக இருந்தது.

பையை அவிழ்த்த முரளிதரன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். ஐஸ்பெட்டிக்குள் கையை விட்டதுபோல் அப்படியொரு குளிர். புத்தூர்ப் பக்கம் தை மாதத்திலும் அந்திவரை சட்டை முதுகோடு ஒட்டும்; மாந்தோப்பில் பூவாசம் மூக்கை அடைத்தது; தூரத்தில் திருப்பதி பஸ் ஒன்று ஹாரனை அலறவிட்டபடி போனது. பரண் ஒழுகியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

பரணிலிருந்து அதை இறக்கிக் கொடுத்த யாமினி பக்கத்திலேயே நின்றாள். அவள் புருஷன் ஸ்ரீஹரியும் முரளிதரனும் திருப்பதியில் ஒரே ஆபீஸ், ஒரே கிறுக்கு. லீவு கிடைத்தால் மலையேறி, இரண்டு மரங்களுக்கு நடுவே தூளி கட்டி, மேலே தார்ப்பாயை இழுத்துப் போட்டுப் படுப்பார்கள். போன தையில் இமாச்சலுக்குப் போனார்கள். ஒருவன்தான் திரும்பினான்.

இன்று ஸ்ரீஹரிக்கு முதல் வருஷத் திதி. செத்தவருக்குப் பிடித்ததை வைத்துப் படையல் போட வேண்டும்; அவருக்குப் பிடித்தது இந்தத் தூளிதான், பனிக்கு எப்படிக் கட்டினீர்களோ அப்படியே உங்கள் கையால் கட்டிக் கொடுங்கள் என்று யாமினி போனில் கேட்டிருந்தாள். மறுத்தால் ஏன் என்று கேட்பாள். அதனால்தான் வந்தான்.

தூங்கிப்போய்விட்டேன், ஒன்றும் கேட்கவில்லை என்று போலீஸிடம் சொல்லியிருந்தான். அதையே அவளிடமும் அழுதுகொண்டே சொன்னான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த படுபாவி, அழத்தான் எவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தது!

பனிக்குக் கட்டுகிற கட்டே வேறு. நடுக்கயிறு விண்ணென்று நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் செங்குத்தாகச் சரிந்து ஓரம் தரையைத் தொட வேண்டும். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மடிப்பை இழுத்து மூட வேண்டும். அப்போதுதான் விழுகிற பனி தங்காமல் வழுக்கி இறங்கும். முரளிதரன் தன் தூளிக்கு அப்படித்தான் கட்டினான். காய்ச்சலில் சுருண்டு கிடந்த ஸ்ரீஹரிக்குக் கட்டும்போது விரல் மரத்துவிட்டது, அலுப்பும் வந்துவிட்டது. ஊரில் மாங்காய் லோடுக்குப் போடுவதுபோல் தட்டையாகப் போட்டு, மடிப்புகளை வெளியிலிருந்து முடிந்துவிட்டுப் போய்ப் படுத்தான். ராத்திரி பனி ஏறியது. தார்ப்பாய் தொய்ந்து உள்ளே கிடந்தவன் முகத்தை அமுக்கியது. ஸ்ரீஹரி கூப்பிட்டது அவன் காதில் நன்றாகவே விழுந்தது. வெளியே குளிர். தூங்கும் பைக்குள் கதகதப்பு. திரும்பிப் படுத்துக்கொண்டான்.

இன்று தோப்பில் தூளியைக் கட்டி, மேலே தார்ப்பாயைச் செங்குத்தாகவே இழுத்துக் கட்டினான்.

"அங்க இப்டி இல்லியே அண்ணா," என்றாள் யாமினி. "தட்டையா இருந்துதாமே."

யார் சொல்லியிருப்பார்கள்? அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் அவனைப் பயமுறுத்தியது. கயிற்றைத் தளர்த்தித் தட்டையாக இழுத்துக் கட்டினான்.

"அவரு எப்டி படுத்துக்கினு இருந்தாருன்னு ஒருவாட்டி படுத்துக் காட்டுங்க. பாத்துட்டா மனசு ஆறும்."

குற்றமுள்ள நெஞ்சு எதற்கும் தலையாட்டும். படுத்தான். தலைமாட்டு மடிப்பு மூடிக்கொண்டது. கால்மாட்டிலும் கயிறு சரசரத்தது. வெளியிலிருந்து முடிச்சு இறுகும் சத்தம்.

"யாமினி, போதும்மா. அவிழ்த்துடு."

சில்வண்டுகள் நின்றுபோயிருந்தன. மாம்பூ வாசமும் இல்லை. தார்ப்பாய் மேல் மெத்தென்று ஏதோ விழுந்தது. பூ உதிர்கிறது என்று நினைத்தான். மறுபடி மெத்தென்று. மறுபடியும். துணி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. அவன் விட்ட மூச்சு புகையாக எழுந்தது.

"யாமினி!"

"படையல் போட்டா மூடிட்டு வெளிய வந்துரணும் அண்ணா," என்றாள், மிக அருகில், நிதானமாக. "நாம உள்ள இருந்தா அவரு வந்து துன்ன மாட்டாரு."

உள்ளே அவனைத் தவிர ஒன்றும் இல்லை.

கையை உயர்த்தித் தள்ளினான். பனி என்றால் சரியும். இது சரியவில்லை. கெட்டியாக, கனமாகக் கிடந்தது. அவன் முழங்கால்கள் மேல் வேறு முழங்கால்கள் தட்டுப்பட்டன. வயிறு. மார்பு. யாரோ கவிழ்ந்து படுத்திருந்தார்கள். கத்தினான். அவள் செருப்புச் சத்தம் வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

துணி மூக்கைத் தொட்டது. ஈரம். உறைபனியின் வாசம். நெற்றிக்கு நேரே ஒரு நெற்றி. கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழி.

துணிக்கு அந்தப் பக்கம், அவன் வாய்க்கு நேரே, ஒரு வாய் மெல்லத் திறந்தது.