இரண்டு கூட்டல் குறிகள்

கணவர் தியாகராஜாவின் சட்டையில் கிடங்கின் வாடை அடித்தது. வாளியில் போடுமுன் இராஜகுமாரி அதை இன்னொரு தரம் மூக்கில் வைத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரி வார்டிலிருந்து அவள் கையாலேயே மடித்துக் கொண்டுவந்த சட்டை. மருந்தும் வியர்வையும் அல்லவா மணக்க வேண்டும். ஆனால் நனைந்த சாக்கும், கசந்த கச்சான் கடலையும், அவற்றுக்கடியில் என்னவென்று பிடிபடாத ஓர் இனிப்பும் அதில் சுருண்டு கிடந்தன. தங்கள் கடைக்குப் பின்னாலிருக்கும் சரக்குக் கிடங்குக்குள் அவர் கால் வைத்து ஒன்பது நாளாகிறது.

கண்டியின் பிற்பகல் மழை தகரக்கூரையில் அரிசி கொட்டுவதுபோல இரைந்தது. கரண்ட் இல்லை.

காலையில் டொக்டர் ஸெய்னுலாப்தீன் ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியிருந்தார். சாம்பல் நிற ஈரலில் ஒரு வட்டம். அதன் இரு ஓரங்களிலும் சின்னதாக இரண்டு வெள்ளைக் கூட்டல் குறிகள்.

“இந்த ரெண்டு குறிக்கும் இடையில இருக்கிறதுதான் கட்டி. புற்றுநோய். பித்தக்கல் தேடப் போய் ஆப்பிட்டது, அது நல்ல காலம். ஈரல் லேசில நோவு காட்டாது. காட்டுற நேரம் பிந்திப் போயிருக்கும்.”

“குடிக்கிறவனுக்குத்தானே இது வரும்னு சொல்லுவாங்க,” என்று தியாகராஜா கட்டிலில் கிடந்தபடி சிரித்தார். “நான் இஞ்சிச் சோடாவத் தாண்டினதில்ல டொக்டர். குடிச்சிருந்தா அந்த அனுபவமாவது மிஞ்சியிருக்கும்.”

“குடி மட்டுமில்ல. மஞ்சள்காமாலைக் கிருமியாலயும் வரும். ஒங்க ரத்தத்தில அது இல்ல.” டொக்டர் இராஜகுமாரியின் பக்கம் திரும்பினார். “பூஞ்சணம் பிடிச்ச கச்சான், மிளகாய் வருஷக்கணக்கா சாப்பிட்டாலும் வரலாம். கழுவினாலும் வறுத்தாலும் அந்த நஞ்சு போகாது. வீட்டுல அப்படி ஏதும் பொழங்கினீங்களா? பொழங்கினா மகளையும் கூட்டி வாங்க, பார்த்து வைப்போம்.”

“இல்லங்க டொக்டர்.”

தியாகராஜா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“சரி. வியாழக்கிழமை கட்டிய வெட்டி எடுப்போம். மிச்ச ஈரல் தானா வளந்துக்கும்.”

தானா வளந்துக்கும். வீட்டுக்கு வரும் பஸ் பயணம் முழுக்க அந்தச் சொல் கூடவே வந்தது.

பதினெட்டு வருஷம். நல்ல சரக்கு கடைக்கு. மழையில் ஊறிப் பச்சை பூத்தது வீட்டுக்கு. மஞ்சள் தண்ணீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, வறுத்து, சம்பலாக அரைத்தவள் அவள். அவர் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். பதினாலு வயதுச் சுந்தரிக்கு அது இல்லாமல் சோறு இறங்காது.

சட்டையை அப்படியே போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள். பிஸ்கட் டின்னிலிருந்த கச்சான் அத்தனையையும் பின்பக்கக் கழிவுநீர்க் காணில் கொட்டினாள். மழைத்தண்ணீர் அள்ளிக்கொண்டு போயிற்று. சாம்பல் போட்டு டின்னைத் தேய்த்து, தகரம் பளபளக்கும்வரை தேய்த்து, மேடையில் கவிழ்த்து வைத்தாள். இனி யாருக்கும் தெரியாது.

கை கழுவத் திரும்பினாள்.

முதுகுக்குப் பின்னால், கச்சான் கோது உடைபடும் சத்தம்.

படக்.

கொஞ்சம் பொறுத்து, மறுபடி. படக்.

திரும்பினாள். டின் நிமிர்ந்து நின்றது.

உள்ளே ஒரு பருப்புக்கூட இல்லை. அடித்தகரத்தில் மட்டும் நகத்தளவு பச்சை, பஞ்சுபோல. அதன் இரு ஓரங்களிலும் வெள்ளையாக இரண்டு கூட்டல் குறிகள்.

விரலால் தேய்த்தாள். போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். விரல் நுனியில் அந்த இனிப்பு வாடை.

முன்கதவு திறந்தது.

“அம்மா, குடையிருந்தும் நனைஞ்சிட்டேன்.” சுந்தரி பள்ளிக்கூடப் பையோடு சமையலறை வாசலில் நின்றாள். “டின்ன எதுக்குக் கழுவினீங்க? இன்னைக்குச் சம்பல் இல்லையா?”

“பசிக்குதா?” இராஜகுமாரி விரலைச் சேலையில் துடைத்தாள்.

“இல்ல. ரெண்டு நாளாப் பசியே இல்ல. நாளைக்கு அப்பாவப் பாக்க நானும் வரவா?”

வா என்று சொல்லவேண்டும். டொக்டரிடம் உண்மையைச் சொல்லவேண்டும். டின்னை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

மகள் பையை இறக்கிவைக்கக் குனிந்து நிமிர்ந்தாள். நனைந்த வெள்ளைச் சீருடை உடம்போடு ஒட்டியிருந்தது. வலது விலாவுக்குக் கீழே, துணியின் உள்பக்கத்திலிருந்து, நகத்தளவு பச்சை மெல்லக் கசிந்து வந்தது.

அதன் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கூட்டல் குறி.

மறு ஓரத்தில், இராஜகுமாரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இரண்டாவது.